பழந்துப்பாக்கிகளை அறிய வாருங்கள்: இராமநாதபுரக் கரையிலிருந்து புதியவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பழைய துப்பாக்கிகளைப் பற்றி ஆழமாகத் தெரிந்துகொள்ள ஒரு துப்பாக்கிகூட உங்களிடம் இருக்க வேண்டியதில்லை. ஆர்வம் இருந்தும் பலர் தயங்கி நிற்பது இந்த இடத்தில்தான். "லைசென்ஸ் வேணுமே", "போலீஸ் வம்பாச்சே", "நமக்கு வரலாறு தெரியாதே" என்று சொல்லி ஒதுங்கிவிடுகிறார்கள். பார்ப்பது, படம் வரைவது, கேட்பது, குறித்து வைப்பது ஆகிய நான்கும்தான் இந்த ஆர்வத்தின் உயிர். இவை நான்குக்கும் உரிமம் தேவையில்லை. தேவிபட்டினத்தில் இருக்கும் கல்லூரி மாணவிக்கும் கீழக்கரையில் கடை வைத்திருப்பவருக்கும் இது ஒரே அளவுக்குத் திறந்திருக்கிறது.

நம் கரைக்கு ஆள் அதிகம் தேவை என்பதற்கு வரலாற்றிலேயே ஒரு காரணம் இருக்கிறது. அதிலிருந்து ஆரம்பிக்கலாம்.

நம் கரையில் ஏன் இவ்வளவு குறைவாக மிஞ்சியது

16ஆம் நூற்றாண்டிலேயே துப்பாக்கியும் பீரங்கியும் இந்தக் கடலோரத்துக்கு வந்துவிட்டன. மண்டபத்துக்குப் பக்கத்தில் உள்ள வேதாளையில் போர்த்துக்கீசியர்கள் ஒரு சிறு படையை வைத்திருந்தார்கள். 1549இல் அங்கே நடந்த சண்டையில்தான் அந்தோணியோ கிரிமினாலி என்ற இயேசு சபைப் பாதிரியார் கொல்லப்பட்டார். பிறகு டச்சுக்காரர்கள் வந்தார்கள். இராமநாதபுர மன்னர்களான சேதுபதிகளோடு சில காலம் சண்டை, சில காலம் ஒப்பந்தம் என்று உறவு ஓடியது; கீழக்கரையில் அவர்களுக்கு வணிக நிலையமும் இருந்தது. எதிர்க்கரையான இலங்கையிலோ தனக்கென ஒரு துப்பாக்கி மரபே வளர்ந்தது. ஆக, மூன்று நான்கு நாட்டு ஆயுதங்கள் கலந்து புழங்கிய கரை இது.

அப்புறம் 1772. ஆற்காட்டு நவாபின் படையும் ஜோசப் ஸ்மித் தலைமையில் வந்த ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் ஜூன் மாதம் இராமநாதபுரம் கோட்டையைப் பீரங்கியால் உடைத்துப் பிடித்தன. அதே மாதம் காளையார்கோவிலில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் மாண்டார். 1799இல் முதுகுளத்தூர்ப் பக்கம் மயிலப்பன் சேர்வைக்காரர் கம்பெனிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டு, தென்பாளையங்களில் மக்கள் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தார். கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. 1878இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியா முழுமைக்கும் உரிம முறையைக் கொண்டுவந்தது.

இராஜஸ்தானத்து அரண்மனைகளில் அறை அறையாக ஆயுதங்கள் நிற்கின்றன. இங்கே கைவிரலில் எண்ணும்படிதான் இருக்கின்றன. அதனாலேயே மிஞ்சிய ஒவ்வொன்றுக்கும் இங்கே மதிப்பு அதிகம். ஒரு சுவரோவியத்தின் மூலை, பரணில் கிடக்கும் ஒரு துருப்பிடித்த குழல், ஒரு அப்பத்தாவின் ஞாபகம் என்று சிதறிக் கிடப்பதை நாலைந்து பேர் மட்டும் தேடிச் சேர்த்துவிட முடியாது.

முதல் படி: சட்டத்தைத் தெரிந்துகொண்டு பயத்தை விடுங்கள்

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருக்க 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். "தாத்தா காலத்துது, யாரும் கேட்க மாட்டாங்க" என்பது தவறான நம்பிக்கை. குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். உரிமமில்லாமல் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை சிறை. ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் 3இலிருந்து 2ஆகக் குறைந்துவிட்டது. பரம்பரைச் சொத்தாக வந்தாலும் அந்த எண்ணிக்கைக்குள்தான் அடங்க வேண்டும்.

ஒரு விலக்கு இருக்கிறது. வழக்கொழிந்த வகையோ, தொன்மை மதிப்புள்ளதோ, பழுதானதோ, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படவே முடியாத ஆயுதத்துக்குச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. இதில் "பயன்படவே முடியாத" என்பதுதான் முக்கியம். 200 வருஷப் பழமை மட்டும் போதாது. அது சுடுமா சுடாதா என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். காவல்துறையின் ஆயுதப் பிரிவு பார்த்துச் சொல்லட்டும், எழுத்தில் சொல்லட்டும். குடகுக்காரர்கள் உரிமமில்லாமல் வைத்திருக்கிறார்களே என்று சிலர் கேட்பதுண்டு. அது மத்திய அரசு அவர்களுக்குத் தனியாகக் கொடுத்திருக்கும் விலக்கு, நமக்குப் பொருந்தாது.

இன்னொன்று: 100 வருடம் தாண்டிய வரலாற்றுப் பொருள்கள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள்ளும் வரும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வளைகுடா நாட்டிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினர் "எனக்கு ஒண்ணு அனுப்பு" என்று கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

சட்டம் இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டவருக்குப் பயம் போய்விடும். பார்க்கவும் படிக்கவும் யார் அனுமதியும் வேண்டாம்.

இரண்டாம் படி: கண்ணைப் பழக்குங்கள்

நான் மிகவும் விரும்பும் பகுதி இது. புதியவர்கள் குழலின் நீளத்தையும் அதைத் தாங்கும் மரக் கட்டையின் அலங்காரத்தையும்தான் முதலில் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது குதிரையும் (விசையை அழுத்தினால் பாய்ந்து தீ மூட்டும் கொக்கி) அதைச் சுற்றியுள்ள பகுதியும். மருந்துக்குத் தீ எப்படிப் போகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகை திரித் துப்பாக்கி. வெடியுப்பில் ஊறவைத்த கயிற்றுத் திரி மெல்லக் கனன்றுகொண்டே இருக்கும். விசையை அழுத்தினால் பாம்புபோல் வளைந்த ஒரு கொக்கி அந்தத் திரியைக் கொண்டுபோய், குழலின் பக்கத்தில் உள்ள சிறு கிண்ணத்து மருந்தில் வைக்கும். அங்கிருந்து ஒரு துளை வழியாகத் தீ உள்ளே போகும். பாளையக்காரர் படைகளின் கையில் ஈட்டியோடும் வளரி என்ற எறிதடியோடும் இருந்தது பெரும்பாலும் இந்த வகைதான். வட இந்திய வகைகளில் கொக்கி கட்டைக்கு உள்ளிருந்து எழும். கட்டை மெலிந்து நேராக இருக்கும். மலபார், குடகுப் பக்கத்து வகைகளில் போர்த்துக்கீசியர் தாக்கம் தெரியும்: வெளியே பித்தளை வில் (ஸ்பிரிங்), கன்னத்தோடு அணைத்துப் பிடிக்கும் குட்டையான கட்டை. இலங்கைத் துப்பாக்கியை இன்னும் எளிதாகக் கண்டுகொள்ளலாம். அதன் தீ மூட்டும் இயந்திரம் இடது பக்கத்தில் இருக்கும், கட்டையின் பின்முனை இரண்டாகப் பிளந்திருக்கும். பாக் நீரிணைக்கு இந்தப் பக்கம் நிற்கும் நாம் இந்த இரண்டு அடையாளங்களையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது சக்கிமுக்கித் துப்பாக்கி. குதிரையின் வாயில் ஒரு கல் கவ்வியிருக்கும். அது எஃகுத் தகட்டில் உரசித் தீப்பொறி உண்டாக்கும். கம்பெனிச் சிப்பாய்கள் தூக்கியது இதைத்தான். 'இந்தியா பேட்டர்ன்' என்று சொல்லப்படும் அந்த மாதிரியின் குழல் 39 அங்குலம். துளை முக்கால் அங்குலம். குண்டு துளையைவிடச் சற்றுச் சிறியதாக இருக்கும். சீக்கிரம் கெட்டிக்கலாம், ஆனால் நூறு கஜத்துக்கு அப்பால் குறி வைப்பதில் அர்த்தமில்லை. அடர்ந்த காளையார்கோவில் காட்டில் கம்பெனி திணறியதற்கு ஒரு காரணம் இதில் கிடைக்கும்: வரிசையாக நின்று ஒரே நேரத்தில் சுடுவதற்காகச் செய்யப்பட்ட ஆயுதம் அது.

கம்பெனித் துப்பாக்கியைக் கண்டுகொள்ள முத்திரையைப் பாருங்கள். 1808 வாக்கு வரைக்கும் நான்காகப் பிரித்த ஒரு இதய வடிவமும் அதற்குள் கம்பெனியின் எழுத்துக்களும் இருக்கும். அதற்குப் பிறகு கிரீடத்தைப் பிடித்தபடி நிற்கும் சிங்கம். குதிரையின் கழுத்தையும் கவனியுங்கள். முந்தைய இந்தியா பேட்டர்னில் அது அன்னத்தின் கழுத்தாக வளைந்திருக்கும். 1809க்குப் பின் வந்ததில் நடுவில் ஓட்டையுள்ள தடித்த கழுத்து. டச்சுப் பொருள் என்றால் அவர்களுடைய கம்பெனியின் VOC என்ற மூன்றெழுத்துப் பின்னல் முத்திரை.

மூன்றாவது, கேப்பு வைத்துச் சுடும் வகை. கல்லுக்குப் பதில் சிறு தாமிரத் தொப்பி, அதன் மேல் அடிக்கும் சுத்தி. நம் கிராமங்களில் பயிர்ப் பாதுகாப்புக்கு உரிமம் வாங்கி வைத்திருந்த ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இப்படித்தான். சக்கிமுக்கியாகப் பிறந்து பிற்பாடு கேப்புக்கு மாற்றப்பட்டவையும் உண்டு. இயந்திரத் தகட்டில் அடைக்கப்பட்ட பழைய திருகு ஓட்டைகள் அதைக் காட்டிக்கொடுக்கும்.

நான்காவது, தோட்டா போடும் வகை. 1853 என்ஃபீல்டு இன்னும் வாய்வழியாகக் கெட்டித்ததுதான். 1860களில் ஸ்னைடர் வந்ததும் அது பின்வழியாகக் கெட்டிப்பதாக மாறியது. 1871இல் மார்ட்டினி ஹென்றி, 1895இல் லீ என்ஃபீல்டு. அந்த லீ என்ஃபீல்டின் வழிவந்த 'த்ரீ நாட் த்ரீ'யைத் தேர்தல் நாளில் வாக்குச்சாவடி வாசலில் நின்ற போலீஸ்காரர் தோளில் நம்மில் பலர் பார்த்திருப்போம்.

பழக்கம் வர ஒரு வழி சொல்கிறேன். எந்தத் துப்பாக்கியைப் பார்த்தாலும் அதைப் பென்சிலால் வரையுங்கள். போட்டோ எடுத்தால் கண் சோம்பேறியாகிவிடுகிறது. வரையும்போதுதான் இந்தத் திருகு ஏன் இங்கே இருக்கிறது என்று கேள்வி எழும். படம் அழகாக இருக்க வேண்டிய அவசியமில்லை. இயந்திரம், குழல், கட்டை, பித்தளைப் பாகங்கள், முத்திரை என்று எப்போதும் ஒரே வரிசையில் பாருங்கள்.

மூன்றாம் படி: நேரில் போய்ப் பாருங்கள்

இராமநாதபுரத்திலேயே இராமலிங்க விலாசம் அரண்மனை இருக்கிறது. தலைநகரைப் போகலூரிலிருந்து இங்கே மாற்றிய கிழவன் சேதுபதி கட்டியது. மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக உள்ளது. ஆயுதங்களும் காட்சிக்கு இருக்கின்றன. ஆனால் நான் புதியவர்களை முதலில் சுவர்ப் பக்கம்தான் திருப்புவேன். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரைந்த ஓவியங்களில் தஞ்சை மராத்தியரோடு நடந்த போர் இருக்கிறது, சேதுபதி ஐரோப்பியரைச் சந்திக்கும் காட்சியும் இருக்கிறது. வீரர்களின் கைகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள். யாரிடம் என்ன ஆயுதம், எப்படிப் பிடித்திருக்கிறார்கள், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் வாழ்ந்த ஓவியர் கண்ட உலகம் அது. ஒரு முழுக் காலைப்பொழுதை அதற்கே ஒதுக்கலாம். படம் எடுக்கலாமா என்று அங்குள்ள பணியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

கமுதியில் குண்டாற்றங்கரையில் சிதைந்து நிற்கும் வட்டக் கோட்டை அடுத்தது. பீரங்கி வந்த பிறகு கோட்டைச் சுவர் எப்படி மாறியது என்று நின்று யோசிக்க அதுதான் சரியான இடம். கூர்மையான மூலைகளைவிட வளைந்த சுவர் குண்டைத் தாங்கும்.

சென்னைக்குப் போனால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை ஆயுதசாலையிலிருந்து வந்தவையும் தரங்கம்பாடி டேனிஷ் பீரங்கிகளும் இருக்கின்றன. புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகம், எழும்பூரில் காவல்துறை அருங்காட்சியகம் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். தஞ்சாவூர் பீரங்கி மேட்டில் உள்ள நாயக்கர் காலத்துப் பெரிய பீரங்கி வார்ப்பு வேலை இல்லை. இரும்புப் பட்டைகளையும் வளையங்களையும் காய்ச்சி அடித்துச் சேர்த்தது. நம் கொல்லர்களின் கைவேலையை அறிய அதைப் பார்க்காமல் இருக்கக்கூடாது. படிப்பில் நாட்டமுள்ளவர்கள் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் 1801ஆம் ஆண்டுக் கம்பெனி ராணுவப் பதிவுகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

நான்காம் படி: வீட்டில் ஒன்று இருந்தால்

பரண் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய துப்பாக்கி அகப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே மருந்து இருக்கிறது என்றே எண்ணிக்கொள்ளுங்கள். வாய்வழித் துப்பாக்கிகளைக் கெட்டித்தபடியே வைத்து மறந்துபோன கதைகள் உலகம் முழுக்க உண்டு. நூறு வருஷம் கழித்தும் கருமருந்து வெடிக்கும். குழல் வாய் யார் பக்கமும் திரும்பக் கூடாது. குதிரையை இழுத்துப் பார்க்கக் கூடாது. உள்ளே இருப்பதைக் கம்பியால் குத்தி எடுக்கக் கூடாது. வெயிலிலோ அடுப்புப் பக்கத்திலோ வைக்கக் கூடாது. குழந்தைகளை அந்த அறைக்குள் விடாதீர்கள்.

பிறகு வீட்டுப் பத்திரங்களில் பழைய உரிமப் புத்தகம் இருக்கிறதா என்று தேடுங்கள். துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் காவல் நிலையம் போக வேண்டாம். தொலைபேசியில் சொல்லி, அவர்கள் வந்து பார்க்கும்படி கேளுங்கள். உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால் வாரிசுகள் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ அதை ஒப்படைக்க வேண்டும். அப்புறம் வாரிசு உரிமத்துக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம். வரலாற்று மதிப்பு உள்ளது என்று தோன்றினால் அந்த விண்ணப்பத்திலேயே அதை எழுதுங்கள், அருங்காட்சியகத்துக்குத் தர விரும்பினால் அதையும் எழுதுங்கள். ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொண்டு செய்தால் மனம் நிம்மதியாக இருக்கும்.

உப்புக்காற்றும் பழைய இரும்பும்

உரிமத்தோடு வைத்திருப்பவர்களுக்கு நம் ஊரில் பெரிய எதிரி காற்றுதான். பாம்பனில் ஜன்னல் கம்பி எப்படி அரிக்கிறதென்று பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். காற்றில் வரும் உப்பு இரும்பின் நுண்துளைகளில் தங்கி, ஈரத்தை இழுத்துத் துருவை வளர்க்கிறது. கைவியர்வையிலும் உப்புதான், அதனால் வெறுங்கையால் தொடாமல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

குத்துவிளக்கைத் தேய்ப்பது மாதிரிப் புளி போட்டுத் தேய்க்கவே கூடாது. எலுமிச்சை, உப்புத்தாள், கம்பித் தூரிகை எதுவும் வேண்டாம். பளபளப்பாக்கும் ஆசையில் முத்திரையும் பழைய மேல்நிறமும் போய்விட்டால் திரும்ப வராது. பொருளின் வரலாறே அதில்தான் இருக்கிறது. தேங்காயெண்ணெயும் சரிப்படாது, நாளடைவில் கெட்டுவிடும். மெல்லிய பருத்தித் துணியால் தூசியைத் துடைத்து, அருங்காட்சியகங்களில் பயன்படுத்தும் நுண்படிக மெழுகை மிக மெல்லியதாகப் பூசினால் போதும். மூடிய அலமாரியில் சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, ஐப்பசி கார்த்திகை மழைக்காலத்தில் அடிக்கடி மாற்றுங்கள். கட்டைக்கு வெயில் ஆகாது. தோல் உறைக்குள்ளே போட்டு மூடி வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மீனவ நண்பர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வலையில் இரும்புக் குண்டோ குழலோ சிக்கினால் அதை வெயிலில் காய வைக்காதீர்கள். நூற்றாண்டுக் கணக்கில் உப்பு ஏறிய இரும்பு காய்ந்ததும் அடுக்கடுக்காக உதிர்ந்துவிடும். குண்டு மாதிரி எதையும் தட்டவோ உருட்டவோ வேண்டாம், வெடிக்கக்கூடியதாகவும் இருக்கலாம். விலகி நின்று கடலோரக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். மண்ணுக்குள் புதைந்து கிடைப்பதையும் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் கடல் தேசியப் பூங்கா. பழம்பொருள் தேடி அங்கே இறங்குவது குற்றம்.

ஐந்தாம் படி: பெரியவர்களிடம் உட்காருங்கள்

எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காதது இது. யார் வீட்டில் துப்பாக்கி இருந்தது, மருந்து எங்கிருந்து வாங்கினார்கள், பன்றி விரட்ட எந்த மாதத்தில் காவலிருந்தார்கள், 'ரவை' (துப்பாக்கியில் போடும் சிறு குண்டு) எதில் செய்தார்கள், எப்போது அரசாங்கத்திடம் ஒப்படைத்தார்கள் என்பதெல்லாம் எழுபது எண்பது வயதுக்காரர்களிடம் இன்னும் இருக்கிறது. நேராகப் போய் "உங்க வீட்ல துப்பாக்கி இருந்துச்சா?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "ஐயா, அந்தக் காலத்துல கொல்லைக் காவல் எப்படி இருந்தாங்க?" என்று கேளுங்கள். "அப்பத்தா, வேட்டைக்குப் போனவங்க கதை சொல்லுங்க" என்று கேளுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கத்துக் கப்பல்காரக் குடும்பங்களில் கேட்க வேண்டியது இலங்கைப் பயணங்களைப் பற்றி. துப்பாக்கி தானாகக் கதைக்குள் வரும்.

சொன்னவர் அனுமதித்தால் மட்டும் பதிவு செய்யுங்கள். இப்போதும் யாரிடமாவது ஆயுதம் இருப்பதாகத் தெரிந்தால் பெயர், ஊர், உரிம எண், வீட்டுப் படம் எதையும் வெளியே பகிர வேண்டாம். திருட்டுக்கு வழி காட்டியதாகிவிடும்.

வாங்குவதைப் பற்றிச் சுருக்கமாக

புதியவர்கள் வாங்க அவசரப்பட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பழையது என்று சொல்லி விற்கப்படும் அலங்காரத் துப்பாக்கிகள் ஏராளம். அமிலத்தில் ஊறவைத்த துரு, ஓட்டையே இல்லாத குழல், அளவுக்கு மீறிய பித்தளை வேலை, கம்பெனித் துப்பாக்கி என்று சொல்வதில் கிரீடத்தோடு 'டவர்' (பிரிட்டிஷ் அரசின் ஆயுதசாலை) என்ற முத்திரை இவையெல்லாம் சந்தேகப்பட வேண்டிய அடையாளங்கள். கம்பெனித் துப்பாக்கிகள் லண்டன் தனியார் பட்டறைகளில் செய்யப்பட்டவை, அவற்றில் கம்பெனியின் சொந்த முத்திரைதான் இருக்கும். சுட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதற்கு அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் இருக்கிறது, முறையான பயிற்சியாளர் இருக்கிறார். பழைய துப்பாக்கியில் அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ளக் கூடாது.

ஏற்கெனவே இதில் இருப்பவர்களுக்கு

புதிதாக வருகிறவரை முதல் நாளே பரீட்சை வைத்துத் துரத்தாதீர்கள். "மார்ட்டினிக்கும் ஸ்னைடருக்கும் வித்தியாசம் தெரியாதா?" என்று கேட்டால் அவர் மறுபடி வரமாட்டார். முதல் சந்திப்பை இராமலிங்க விலாசத்தில் வையுங்கள். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து, ஓவியத்தில் ஒரே ஒரு வீரனைத் தேர்ந்தெடுத்து வரையச் சொல்லுங்கள். எது பிடித்தது என்று கேளுங்கள். இரும்பு வேலையில் ஆர்வமிருப்பவர் குழலைப் பார்ப்பார். தச்சர் வீட்டுப் பிள்ளை கட்டையைப் பார்க்கும். வரலாற்று மாணவி போரைப் பற்றிக் கேட்பாள். அவரவர் வாசல் வழியாக வரட்டும்.

பெண்கள் வந்தால் வேடிக்கையாகப் பார்ப்பதை நிறுத்துங்கள். வேலு நாச்சியார் பிறந்த அரண்மனை ஊர் இது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பெற்றோருக்குத் தெரிவித்தே கூட்டிச் செல்லுங்கள். சாதிப் பெருமை பேச ஆயுதத்தைத் தூக்கிப் பிடிக்கிறவர்களுக்கும், துப்பாக்கியோடு நின்று படம் போட மட்டும் வருகிறவர்களுக்கும் இடம் கொடுக்காதீர்கள். இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். அப்படிப்பட்ட ஒருவர் வந்தாலே அமைதியாகக் கற்க வந்த பத்துப் பேர் போய்விடுவார்கள்.

ஒரு பொது நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். யார் எங்கே என்ன பார்த்தார், எந்த வகை, என்ன முத்திரை, யார் சொன்ன செய்தி, அது நேரில் பார்த்ததா கேள்விப்பட்டதா என்று ஒவ்வொரு பதிவிலும் எழுதுங்கள். புதியவர் வந்த அன்றைக்கே அதில் ஒரு பக்கத்தை அவருக்கு ஒதுக்கிவிடுங்கள். அவர் வரைந்த அந்த முதல் வீரனின் படத்தையே அங்கே ஒட்டலாம்.